நாக்கு வைக்காத லோடு

நாக்கின் நுனி வெந்து புண்ணாகியிருந்தது. மூன்று நாளாகத் தங்கமாரிக்குச் சோறு இறங்கவில்லை. கம்மங்கூழை மிளகாய் இல்லாமல், வெங்காயம் இல்லாமல், உப்புகூடப் போடாமல் கரைத்து, தலையைச் சாய்த்து, நாக்கில் படாதபடி கடைவாய் வழியாகத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. பசி போகவில்லை. காலையிலிருந்து அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"ஏத்தா, கன்னுக்குட்டிக்கு மருந்து ஊத்துற மாதிரில்ல இருக்கு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜக்கம்மாள். "ஒரு மூங்கிக் கொட்டம் கொண்டா, நானே வாயைப் பொளந்து ஊத்தி விடுறேன்."

"சிரிக்க வைக்காதீக மதினி. சிரிச்சா எரியுது."

"எரியாம? சிமெண்டை நக்குனா சீனியாவா இனிக்கும்?"

இருவரும் வேலை பார்த்தது பூமிநாதனின் கிடங்கில். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கருவேலங்காட்டை ஜேசிபி வைத்து வழித்த நாலு ஏக்கர். அவருடைய அப்பா காலத்தில் அங்கே மல்லியும் சோளமும் விதைத்தார்கள். இப்போது ஊர் ஊராக இடிக்கிற கட்டடங்களின் மிச்சம் டிப்பரில் வந்து விழுகிறது. பொம்பளைகள் எட்டுப் பேர் அதைக் கிளறி, கட்டை, துணி, பிளாஸ்டிக் என்று பிரித்துப் போடுவார்கள். மிஞ்சிய கான்கிரீட் கட்டி கிரஷருக்குள் போய் ஜல்லியாக வெளியே வரும். அந்த ஜல்லியோடு அனல் மின் நிலையத்துச் சாம்பல், கொஞ்சம் சிமெண்டு, லாரியில் வாங்கிய நல்ல தண்ணீர். கலந்து அச்சில் ஊற்றினால் தரைக்கல், சுவர்க்கல். கம்பி வைத்து ஊற்றினால் சாக்கடை மூடுகிற சிலாப்பு.

'மலையை உடைக்காமல் வீடு கட்டலாம்' என்று வாசலில் பச்சை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். தங்கமாரிக்கு அந்த வாசகத்தின் மேல் கோபம் கிடையாது. கல்யாணம் ஆன புதிதில் அவள் கல்குவாரியில் வேலை பார்த்தவள். ஒரு மலை கண் முன்னாலேயே கரைந்து, அது நின்ற இடம் பாசித் தண்ணீர் கிடக்கிற பள்ளமாக ஆனதைப் பார்த்திருக்கிறாள். இடித்ததை வைத்தே மறுபடி கட்டுவது நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியம் எப்படி நாறும் என்பதைத்தான் வாசலில் எழுதவில்லை.

லோடைக் கிளறினால் சுவரும் தளமும் மட்டும் வராது. குழந்தைக்குக் கட்டிப் போட்ட டயபர் ஊறி ஊதிப்போய் வரும். பொம்பளைகள் சுருட்டி எறிந்த துணி வரும். ஆஸ்பத்திரி லோடு என்றால் ஊசி, சீழ் காய்ந்த பஞ்சு. ஒரு தடவை யாரோ கிழவருடைய பல்செட் சிரித்துக்கொண்டே வந்தது. செத்த எலியைத் தொட்டால் தோல் மட்டும் கையோடு வரும். கொடுத்த கையுறை ஒரு வாரத்தில் கிழிந்துவிடும், அடுத்தது மாசம் கழித்துத்தான். அந்தக் கையோடு வெற்றிலை போட்டு, அந்தக் கையோடு சாப்பிட்டு, அந்தக் கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

தங்கமாரி கிளறுவதில்லை. கிரஷருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை நிழலில் அவளுக்கு ஒரு முக்காலி உண்டு. அவள் வேலை நாக்கு வைப்பது.

இன்ஜினியர் நவீன் வந்த முதல் மாசம் அது தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லோடைப் பார்த்து, "தம்பி, இது உப்பு ஏறுன கல்லு. மீனு கம்பெனியா இருக்கும்," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டான். ஒரு கட்டியைச் சுத்தியலால் உடைத்து, உள்முகத்தை நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, "வச்சுப் பாருங்க," என்று நீட்டினாள். அவன் வைக்கவில்லை. மதுரை லேபுக்கு அனுப்பிச் சோதித்தான். பன்னிரண்டு நாள் கழித்து வந்த தாளும் அதையே சொன்னது. பிறகு ஐந்து லோடுகளை அவளுக்குத் தெரியாமல் தாளோடு ஒத்துப் பார்த்தான். ஐந்தும் சரி. தங்கமாரி ஏழு வருஷம் வேம்பார் உப்பளத்தில் உப்பு வாரியவள். அதோடு அவள் குடியிருந்தது தொகுப்பு வீடு. கிணற்று உப்புத் தண்ணீரில் குழைத்துக் கட்டிய கூரை. கம்பி துருத்தி, காரை காரையாகச் சாப்பாட்டுத் தட்டில் விழுகிற கூரை. உப்பு கம்பியை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"மதுரைக்கு எதுக்குப் பன்னெண்டு நாளு? நம்ம தங்கமாரி ரெண்டு நிமிசத்துல சொல்லிருது," என்று பூமிநாதன் சோதனைக்கு அனுப்புவதை நிறுத்தினார். லோடுக்கு மூன்று கட்டி. உடைத்து, நாக்கு வைத்து, துப்பி, வாய் கொப்பளித்து, நல்லது அல்லது ஆகாது. நல்லது என்றால் நவீன் பேனாவால் லோடுச் சீட்டில் ஒரு சுழி போடுவான்.

அந்த முக்காலி இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை இறங்கி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இருபது வருஷம் தலையில் சட்டி சுமந்ததற்குக் கிடைத்தது அது. ஒரு குடத்துக்கு மேல் தூக்கினால் தையல் விட்டுப்போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சட்டி தூக்க முடியாத பொம்பளைக்கு இந்தக் காட்டில் என்ன வேலை இருக்கிறது? புருஷன் திருப்பூருக்குப் போய் நாலு வருஷம். போனவன் போனவன்தான்.

அன்று கூழைக் குடித்து முடிக்கும்போது டிப்பர் உள்ளே வந்தது. கொட்டியதும் எட்டுப் பேரும் முந்தானையை மூக்குக்கு இழுத்தார்கள்.

கடற்கரைப் பக்கத்து ஏதோ ஒரு ஊரின் பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ். இடித்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மஞ்சள் பிடித்த வெள்ளை ஓடுகள் கான்கிரீட்டில் ஒட்டியபடி கிடந்தன. ஓட்டு இடுக்கெல்லாம் கருப்புச் சளி. வெயில் ஏற ஏற, காய்ந்து கிடந்தது இளகி, முப்பது நாற்பது வருஷத்து மூத்திரம் மறுபடி எழுந்து நின்றது. கண்ணில் நீர் வந்தது. ஒரு கட்டியைப் புரட்டிய ஜக்கம்மாள் அதன் அடியில் அப்பியிருந்ததைப் பார்த்து, "அடச்சீ, எவன் பெத்த கழிசடைக பேண்டதையெல்லாம் நாம பொறுக்க வேண்டியிருக்கு," என்று காறித் துப்பினாள்.

அவர்கள் ஓட்டைப் பெயர்த்து, தண்ணீர் அடித்து, தளத்துக் கட்டிகளை மட்டும் ஒதுக்க மத்தியானம் ஆனது. தளம் நல்ல பழைய வேலை. சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. மூன்று கட்டிகளைக் கொண்டுவந்து தங்கமாரியின் காலடியில் போட்டார்கள்.

அவள் ஒன்றை உடைத்தாள். உள்முகம் சாம்பல் நிறமாகச் சுத்தமாகத்தான் இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வாடை மூக்கில் ஏறியது. புண் நாக்கு தானாக உள்ளே சுருண்டது. வயிற்றிலிருந்த கூழ் மேலே வந்தது. அதை விழுங்கினாள். இன்னொரு தடவை கொண்டுபோனாள். முடியவில்லை. அறுநூறு லோடுக்கு மேல் நாக்கு வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சுவரை வைத்திருக்கிறாள், சுடுகாட்டுக் கொட்டகையை வைத்திருக்கிறாள். இதை முடியவில்லை.

நவீன் சீட்டோடு வந்தான். வீரசோழன் பக்கம் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. யாரையும் ஒருமையில் பேசமாட்டான்.

"அக்கா, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு தம்பி."

"எப்படி?"

"நல்ல கல்லு."

அவன் சுழி போட்டான். ஜக்கம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் போன பிறகு அருகே வந்து, "வைக்கலல்ல?" என்று கேட்டாள்.

"இல்ல."

"விடு. எவ தான் வைப்பா இத?"

அந்த ஜல்லியில் நாற்பத்தொரு சிலாப்பு ஊற்றினார்கள். நரிக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு. புதிதாகக் கட்டிய கக்கூஸ் வரிசையின் கதவுகளுக்கு முன்னாலேயே அறுபது அடிக்குக் கழிவு ஓடை. இடுப்பளவு ஆழம். அதன் கடைசியில் ஆளையே மூழ்கடிக்கும் தொட்டி. அத்தனைக்கும் மூடி. பிள்ளைகள் இந்த மூடி மேல்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

"கக்கூஸுக் கல்லு கக்கூஸுக்கே போகுது. சொந்த ஊருக்குப் போற மாதிரி," என்றாள் ஜக்கம்மாள். சட்டி தூக்கிய பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். தங்கமாரியும் சிரித்தாள்.

ஈரச் சாக்குப் போட்டு ஊற வைத்து, இரண்டு வாரம் கழித்துச் சாக்கை எடுத்தார்கள். வெயிலில் நாலு நாள் கிடந்ததும் சிலாப்புகளின் ஓரத்தில் வெள்ளை பூத்தது. சிமெண்டுச் சுண்ணாம்பும் அப்படித்தான் பூக்கும். அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. சுண்ணாம்பா உப்பா என்று நாக்கு ஒன்றுதான் சொல்லும். தங்கமாரி இரண்டு தடவை அந்த அடுக்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்தாள். தெரிந்துகொண்டால் சொல்ல வேண்டும். சொன்னால் முக்காலி போகும்.

நவீன் பலம் பார்க்க அதே கலவையில் ஊற்றிய கட்டிகளை அழுத்தி உடைத்த தாள் வந்தது. பாஸ். கேட்டதைவிட அதிகப் பலம். உப்பு இருந்தாலும் புதுக் கான்கிரீட்டுக்குப் பலம் குறையாது. அது உள்ளே கம்பியைத் தின்ன இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் சென்னையிலிருந்து காரில் இரண்டு பேர் வந்தார்கள். கழிவிலிருந்து செய்கிற கான்கிரீட்டைப் பற்றிப் படம் எடுத்து எங்கெங்கோ காட்டுகிறவர்களாம். அவர்கள் வருவதற்கு முன்னால் பூமிநாதன் ஜக்கம்மாளிடம் கம்பி பிரஷைக் கொடுத்து வெள்ளையைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். அவரே புதுச் சட்டை போட்டிருந்தார். மனுஷன் கெட்டவர் கிடையாது. கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுப்பார். கண்ணுக்குத் தெரிகிற குறையை மறைத்துவிட்டால் குறையே இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

வந்த பெண் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். குவியலைப் பார்த்ததும் மேலே இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டாள். நவீனிடம், "உப்பு டெஸ்ட் எங்க பண்றீங்க?" என்று கேட்டாள்.

நவீன் தங்கமாரியைக் காட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "லேபைவிட எங்க அக்கா கரெக்ட்டுங்க."

"வாவ்," என்றாள் அந்தப் பெண். "அக்கா, ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன். கேமராவைப் பார்த்துப் பண்ணுங்க."

நவீன் சிலாப்பு அடுக்கிலிருந்து மூலை உடைந்த ஒரு சில்லை எடுத்துக் கொடுத்தான். நாற்பத்தொன்றில் ஒன்றின் மூலை. பூமிநாதன் பக்கத்தில் நின்று, "வை தங்கமாரி, வெக்கப்படாத. சென்னைக்காரக பாக்கட்டும் நம்ம வித்தைய," என்றார்.

கேமரா ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தங்கமாரி சில்லை நாக்கில் வைத்தாள்.

முதலில் ஜில்லென்றது. பிறகு உப்பு. சமையல் உப்பு இல்லை, உப்பளத்து உப்பும் இல்லை. ஓரத்தில் ஒரு கசப்பு எழுந்து நாக்கின் அடி வரைக்கும் போனது. ஆறியும் ஆறாமலும் இருந்த புண்ணுக்குள் அது இறங்கியது. எந்தச் சுவரில் யார் யார் நின்று விட்ட மூத்திரம் என்று தெரியாது. அது இப்போது அவள் வாயில் எச்சிலாக ஊறியது. துப்ப வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"நல்ல கல்லு."

"இன்னொரு தடவை. கொஞ்சம் சிரிச்சிட்டே சொல்லுங்க."

"நல்ல கல்லு," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் தங்கமாரி.

கார் போன பிறகு மிக்சருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். கூழ் வந்தது, பித்தம் வந்தது, அதன் பிறகும் குடல் விடவில்லை. வாயைக் கழுவினாள். வேப்பிலையைப் பறித்து மென்றாள். அந்த ருசி போகவில்லை. நாற்பத்தொரு சிலாப்பையும் அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அவளுக்கு யார் மேல் அதிக அருவருப்பு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேமராக்காரி மேல் இருந்தது. புதுச்சட்டைக்காரர் மேல் இருந்தது. எல்லாவற்றையும்விடத் தன் வாய் மேல் இருந்தது. நாக்கு வைக்காமல் சொன்னது ஒரு பொய். வைத்த பிறகும் அதையே சொன்னது வேறு மாதிரி. வீட்டில் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தாள். மேலே கூரையில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சோற்றை நாய்க்கு வைத்தாள்.

மறுநாள் கிடங்குக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டை போய் நரிக்குடி பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது பத்தரை மணி. கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில் சிலாப்புகளை அடுக்கியிருந்தார்கள். இரண்டு கொத்தனார்கள் ஓடையின் விளிம்பில் கலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட இன்னும் ஏறவில்லை.

"அண்ணே, வைக்காதீக. பெரிய டீச்சர் எங்க இருக்காக?"

"நீ யாருத்தா?"

"கல்லு செஞ்ச எடத்து ஆளு. வைக்காதீக, கையெடுத்துக் கும்பிடுறேன்."

தலைமை ஆசிரியை சவுந்தரம் டீச்சர் அவரே வந்துவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர். இந்தக் கக்கூஸுக்காக நாலு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். தங்கமாரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, நீதான அந்த வீடியோவுல வந்தது? நேத்து ராத்திரி அனுப்பினாங்க. பிள்ளைகளுக்குக்கூடக் காட்டினேன்." போனை எடுத்து நீட்டினார். அதில் தங்கமாரி சிரித்துக்கொண்டே நல்ல கல்லு என்றாள்.

"டீச்சர், அது நல்ல கல்லு இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"உப்புக் கல்லு. பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸு இடிச்சது. மூத்திரம் ஊறுனது டீச்சர். மொத நாளு நாக்கு வைக்காமலே நல்லதுன்னு சொல்லிட்டேன். நேத்து வச்சேன். வச்சுத் தெரிஞ்சும் அதையேதான் சொன்னேன்."

சவுந்தரம் டீச்சர் ஒரு கையைச் சிலாப்பு அடுக்கின் மேல் ஊன்றி நின்றிருந்தார். அந்தக் கையை எடுத்தார். சேலையில் துடைத்தார்.

"டெஸ்ட் ரிப்போர்ட்ல பாஸ்னு போட்டிருக்கே?"

"அது பலத்துக்கு. இன்னைக்குப் பலமாத்தான் இருக்கும். ரெண்டு வருசத்துல கம்பி துருவாப் போயிரும். எங்க வீட்டுக் கூரைய வந்து பாருங்க. பிள்ளைக இதுமேலதான நிக்கும்?"

"நாக்கு வைக்காமலே எதுக்கும்மா சொன்ன?"

கொத்தனாரில் ஒருவன், "இவுகளுக்கும் மொதலாளிக்கும் ஏதாச்சும் தகராறா இருக்கும் டீச்சர். கூலிப் பிரச்சனையா இருக்கும்," என்றான்.

டீச்சர் நவீனுக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் ஒரு மணி நேரத்தில் வந்தான். வந்ததும் தங்கமாரியைப் பார்த்தான். கொத்தனாரிடம் சம்மட்டி வாங்கி ஒரு சிலாப்பின் நடுவில் போட்டான். மூன்றாவது அடியில் உடைந்தது. ஒரு துண்டை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்முகத்தை நாக்கில் வைத்தான்.

உடனே துப்பினான். மறுபடி துப்பினான். கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக் கைக்குட்டையைத் தூர எறிந்தான். கண் கலங்கிவிட்டது.

"உப்பு இருக்கு டீச்சர்," என்றான். தங்கமாரியிடம் திரும்பினான். "ஏன்க்கா? ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த லோடையே தள்ளியிருப்பேனே."

"வைக்காம ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? நல்ல லோடா இருந்து, மொதலாளி திரும்ப வச்சுப் பாருன்னு சொன்னா? அத வாய்கிட்ட கொண்டுபோக முடியல தம்பி." அவளுக்குக் குரல் ஏறியது. "இப்ப வச்சீகள்ல? ஒரு துண்டு. கைக்குட்டைய வீசிட்டீக. நான் லோடுக்கு மூணு வச்சிருக்கேன். எம்புட்டு லோடுன்னு சீட்டு உங்க கையிலதான் இருக்கு, எண்ணிப் பாருங்க. என்னைக்காச்சும் இந்தப் பொம்பள என்னத்த நக்குறான்னு நெனச்சீகளா? மதுரைக்கு அனுப்பப் பன்னெண்டு நாளு ஆகும்னு என் நாக்க மெஷினாக்கிட்டீக. மெஷினுக்குக் குமட்டாது."

கொத்தனார்கள் கரண்டியைக் கழுவத் தொடங்கினார்கள்.

டீச்சர் பூமிநாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதலில் அவர் சிரித்தார். பிறகு கத்தினார். "அவ பேச்சக் கேட்டு ஆடுறீகளா டீச்சர்? சரக்கு எறங்கிருச்சு, நீங்க கையெழுத்துப் போட்டுட்டீக." நவீன் போனை வாங்கி, "அண்ணாச்சி, நானே வச்சுப் பாத்தேன். உப்பு," என்றான்.

"நீயுமாடா நக்க ஆரம்பிச்சுட்ட," என்றார் பூமிநாதன். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "சரி டீச்சர். நான் எங்க மாட்டேன்னு சொன்னேன்? பொம்பளப்பிள்ளைக நிக்கிற எடம். அடுத்த காஸ்ட்டிங்ல நல்ல ஜல்லில நாப்பத்தொண்ணும் மாத்தி ஊத்தித் தர்றேன். இத ஒதுக்கிப் போடுங்க. தங்கமாரிகிட்ட மட்டும் சொல்லிருங்க, கிடங்குப் பக்கம் வர வேண்டாம்னு."

அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

நவீன் ஒவ்வொரு சிலாப்பிலும் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டான். கொத்தனார்கள் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று டீச்சரிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் தங்கமாரிக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். கிளாசைக் கொண்டுவந்த ஆயா அதை அவள் கையில் கொடுக்காமல் சுவர் மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். சமையல்கட்டு ஜன்னலில் இரண்டு பொம்பளைகள் நின்று பார்த்தார்கள். மூத்திரக் கல்லை நக்கினவள் என்று அதற்குள் பரவிவிட்டது. தங்கமாரி டீயைக் குடித்தாள். சூடு மட்டும் தெரிந்தது, ருசி தெரியவில்லை.

இப்போது அவள் வீட்டில் உட்கார்ந்து விருதுநகர் வியாபாரிக்கு மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிறாள். கிலோ கணக்குக் கூலி. கை எரியும், கண் எரியும், தும்மல் வரும். நாக்குப் புண் ஆறிவிட்டது. ஜக்கம்மாள் ஒருநாள் வந்தாள். இப்போது அந்த முக்காலியில் உட்காருவது அவள்தான்.

"உங்களுக்கு உப்பு கண்டுபிடிக்கத் தெரியுமா மதினி?"

"எனக்கென்ன தெரியும். வைக்கிறேன், நல்லதுங்கிறேன். இப்ப சிலாப்பு ஊத்துறதில்ல, தரைக்கல்லுதான். கம்பி இல்லாததுக்கு உப்பு இருந்தா என்னங்கிறாரு மொதலாளி." தானும் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "உன் எடத்துல உக்காந்துட்டேன்னு கோவமாத்தா?"

"கோவமில்ல. ஆஸ்பத்திரி லோடு வந்தா வைக்காதீக. வச்ச மாதிரி பாவலா பண்ணுங்க."

"அத நீ சொல்லியா எனக்குத் தெரியணும்," என்று சிரித்துவிட்டு ஜக்கம்மாள் எழுந்து போனாள்.

நவீன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். படிப்புக்கு வாங்கிய லோன் இருக்கிறது. சிலாப்பு ஊற்றித் தருவதாகச் சொன்ன அடுத்த காஸ்ட்டிங் போனது, அதற்கடுத்ததும் போனது. டீச்சர் வாரத்துக்கு ஒருநாள் பூமிநாதனுக்குப் போன் போடுகிறார். முதல் மாசம் அவர் எடுத்தார். இப்போது எடுப்பதில்லை. டீச்சர் அருப்புக்கோட்டை போகிற வழியில் நேரே கிடங்குக்கே போய்க் கேட்டார். பூமிநாதன் காப்பி கொடுத்து அனுப்பினார்.

போன வாரம் தங்கமாரி நரிக்குடி போயிருந்தாள். ஓடை திறந்தே கிடந்தது. விளிம்பில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு பலகை வைத்திருந்தார்கள். பலகை வழுக்கியது. கீழே பச்சையும் கருப்புமாக நுரைத்துக்கொண்டு புழு நெளிந்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி அதில் விழுந்து செத்துப்போனதாக ஆயா சொன்னாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அந்தப் பலகையில் ஏற வேண்டும். வெயில் முப்பத்தொன்பது டிகிரி. மதியம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். சொல்லும்போது தங்கமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பூமிநாதன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தர வேண்டியது உப்பில்லாத சிலாப்பு நாற்பத்தொன்று. இதுவரை ஒன்றுகூடத் தரவில்லை.